புள்ளடி எங்கே போய்ச் சேருகிறது?

பாராளுமன்றத் தேர்தல் பற்றி ஒரு பாடம்



வாக்குரிமை பற்றி மேடையில் முழங்குவோர் பலர். ஆனால் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்ட பின் அந்தச் சீட்டுக்கு என்ன நடக்கிறது என்பதை ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்துவோர் மிகச் சிலர். நலன்புரி நிலையங்களிலும், மீளக்குடியேறிய கிராமங்களிலும், உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருப்போர் மத்தியிலும் சங்கக் கூட்டங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: "பாதர், நாங்கள் போடுற ஒரு புள்ளடியாலை என்ன வரப்போகுது?"

இது நியாயமான கேள்வி. காணியையும் கிணற்றையும் விட்டு வந்து, ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி கேட்டுக் காது புளித்தவர்கள் கேட்கும் கேள்வி. இதற்குப் புத்திமதி பதிலாகாது. கணக்குப் போட்டுத்தான் பதில் காண வேண்டும். கடதாசியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் இருத்திக்கொண்டால் இன்னும் நல்லது.

பாராளுமன்றம் என்பது என்ன?

நாட்டு மக்கள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடிச் சட்டம் இயற்ற முடியாது. ஆகவே தமக்குப் பதிலாக ஆட்களைத் தெரிந்து அனுப்புகிறார்கள். கமக்காரர் அமைப்பில் எல்லோரும் நீர்ப்பாசனக் கூட்டத்துக்குப் போகாமல் ஒரு பிரதிநிதியை அனுப்புவது போலத்தான். அனுப்பப்பட்டவர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கை யாருக்கு உண்டோ அவர் பிரதமராகிறார். அந்த நம்பிக்கை போனால் பதவியும் போகும். பாராளுமன்ற ஆட்சிமுறையின் உயிர்நாடி இதுவே. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் இம்முறையே நடக்கிறது. இலங்கையிலும் 1947 தொடக்கம் 1978 வரை இதுவே நடந்தது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பின் எமது நாட்டில் இரண்டு தலைகள். சனாதிபதியை மக்கள் நேரடியாக ஒரு தேர்தலில் தெரிகிறார்கள். பாராளுமன்றத்தை வேறொரு தேர்தலில் தெரிகிறார்கள். பாராளுமன்றத்தில் 225 பேர். ஒரு சட்டமூலம் சாதாரணமாக நிறைவேற, வாக்களிக்கும் உறுப்பினர்களில் பெரும்பான்மை போதும். மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் என்றால் 113. அரசியலமைப்பை மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் வேண்டும். 113, 150 என்ற இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்திருந்தால் வானொலிச் செய்தி பாதி விளங்கிவிடும். 2024 நவம்பர் 14 ஆம் திகதி நடந்த தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது என்றால், அது தனித்தே அரசியலமைப்பைத் திருத்தப் போதுமான தொகை என்பதே அதன் கருத்து.

தேர்தல் முறை ஏன் மாறியது?

முன்னைய காலத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் பெரும்பாலும் ஓர் உறுப்பினர். கூடிய வாக்கு எடுத்தவர் வென்றார்; மற்றவர்களின் வாக்குகள் கணக்கில் இல்லை. இதனால் விசித்திரமான முடிவுகள் வந்தன. 1970 இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதிலும் ஏறத்தாழ 38 வீதம் வாக்குப் பெற்றது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி பெற்றது அதிலும் சற்றுக் குறைவான 37 வீதம். ஆனால் ஆசனமோ முன்னையதற்கு 17, பின்னையதற்கு 91! 1977 இல் நிலைமை தலைகீழானது. சுமார் 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனங்களே கிடைத்தன. 6 வீதத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளை வடக்கு கிழக்கில் திரட்டிப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள் கிடைத்து, திரு. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இந்த ஏற்றத்தாழ்வைப் போக்கவே விகிதாசார முறை கொண்டுவரப்பட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். அடிக்கடி வந்த பெரும் அலைகளைத் தடுத்து ஆட்சியை நிலைக்கச் செய்வதும் ஆட்சியாளரின் நோக்கமாக இருந்தது என்று நான் எண்ணுகிறேன். பாராளுமன்றத் தேர்தலில் இம்முறை முதன்முதலாக 1989 இல் நடைமுறைக்கு வந்தது.

இப்போது 225 இல் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். மீதி 29 பேர் தேசியப் பட்டியல் மூலம், நாடு முழுவதும் கட்சி பெற்ற மொத்த வாக்குகளின்படி நியமிக்கப்படுகிறார்கள். நிருவாக மாவட்டம் வேறு, தேர்தல் மாவட்டம் வேறு என்பதைக் கவனியுங்கள். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம்.

இடாப்பில் பெயர்

இங்கேதான் இடம்பெயர்ந்தோர் அதிகம் கவனம் எடுக்க வேண்டும். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

196 ஆசனங்களில் 36 ஐ மாகாணத்துக்கு நான்கு வீதம் முதலில் ஒதுக்குகிறார்கள். மீதி 160 ஆசனங்களையும் இடாப்பில் பதிந்துள்ள வாக்காளர் தொகையைப் பார்த்து மாவட்டங்களுக்குப் பங்கிடுகிறார்கள். மாவட்டத்தில் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேருக்கு அங்கே காணி உறுதி இருக்கிறது என்பது கணக்கில்லை. இடாப்பில் எத்தனை பெயர் என்பதே கணக்கு.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் கதையைப் பாருங்கள். 1989 இல் 11 ஆசனங்கள். 1994 இல் 10. 2000 இல் 9. 2015 இல் 7. 2024 இல் 6. முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி. 2010 ஆம் ஆண்டுத் தேர்தலில் இம்மாவட்ட இடாப்பில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. போர் முடிந்த பின் இடாப்பைத் துப்புரவாக்கிய போது தொகை சரிந்து, 2015 இல் 5 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. இறந்தோர் பெயரும் வெளிநாடு போனோர் பெயரும் நீங்கியது சரியே. ஆனால் முகாமில் இருந்தோம், உறவினர் வீட்டில் இருந்தோம், படிவம் வரவில்லை, விதானையாரைக் காணவில்லை என்று விடுபட்டுப்போன பெயர்களும் உண்டு என்பதை எம் கிராமங்களில் வீடுவீடாகப் போனவர்கள் அறிவார்கள். 2024 இல் இன்னுமொரு கசப்பு. எமது இடாப்பில் பெயர்கள் முன்னையதைவிடச் சற்றுக் கூடித்தான் இருந்தன. மற்ற மாவட்டங்களில் அதைவிடக் கூடியதால் யாழ்ப்பாணம் ஓர் ஆசனத்தை இழந்தது. கம்பகா 18 இலிருந்து 19 ஆக உயர்ந்தது. வரப்பு அளந்து பங்கு பிரிக்கும்போது பக்கத்துக் காணி பெருத்தால் எமது பங்கு சிறுக்கும் என்பது கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே தேர்தல் அறிவித்த பின் ஓடித் திரிவதில் பயனில்லை. அறிவித்தல் வரும்போது எந்த இடாப்பு உறுதிப்படுத்தப்பட்டு நடைமுறையில் உள்ளதோ அதன்படியே தேர்தல் நடக்கும். இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. வீட்டில் மாற்றம் இருந்தால், அதாவது ஒரு பிள்ளை 18 வயதை அடைந்திருந்தால், திருமணமாகி ஒருவர் வந்திருந்தால் அல்லது போயிருந்தால், கிராம அலுவலரிடம் சொல்லிப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், ஆண்டின் இடையில் 18 வயதாகும் பிள்ளைகளை உப பட்டியல் மூலம் சேர்க்கவும் வழி உண்டு. பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். "அவர் பதிந்திருப்பார்" என்று இருந்துவிடாதீர்கள்.

இடம்பெயர்ந்தவர் எந்த இடத்தில் பதிவது? இருக்கும் இடத்திலா, விட்டு வந்த ஊரிலா? இரண்டிலும் பதிய முடியாது, அது குற்றம். இருக்கும் இடத்தில் பதிந்தால் வாக்களிப்பு நிலையம் அருகில் இருக்கும், பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கும் அந்தப் பதிவு உதவும். ஆனால் சொந்த ஊரின் இடாப்பில் பெயர் இல்லாவிட்டால், அந்த மாவட்டத்தின் வாக்காளர் தொகையில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள். போரினால் இடம்பெயர்ந்தோர் தமது பழைய இடத்தின் இடாப்பிலேயே பதிந்துகொள்ள உதவும் விசேட ஏற்பாட்டுச் சட்டங்கள் 2013 இலும் 2017 இலும் பாராளுமன்றத்தில் நிறைவேறின. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம் சகோதரர்கள் மன்னார் இடாப்பில் பெயரை வைத்திருந்து, புத்தளத்திலேயே அமைத்த நிலையங்களில் வாக்களித்த தேர்தல்களும் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை ஒவ்வொரு மீளாய்வின்போதும் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்ச்சொல்லை நம்பி அலைந்த குடும்பங்கள் போதும்.

மூடைக் கணக்கு

இனி வாக்கு ஆசனமாக மாறும் கணக்கு. 2024 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட முடிவையே எடுப்போம். கட்சிகளின் பெயரைச் சொல்வது கணக்கு விளங்குவதற்கு மட்டுமே. எவரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ அல்ல.

ஆசனங்கள் 6. செல்லுபடியான வாக்குகள் 325,312. போட்டியிட்ட கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் 44. ஒவ்வொன்றும் ஆசனத் தொகையுடன் மூன்று கூட்டி 9 பேரை நிறுத்தியது. அதாவது ஆறு கதிரைகளுக்கு 396 பேர்!

முதலாவது படி, வெட்டுப்புள்ளி. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் 5 வீதம் எடுக்காத கட்சி வரிசையிலிருந்து வெளியே போகும். இங்கே 5 வீதம் என்பது ஏறத்தாழ 16,266. அதைத் தாண்டியவை ஆறு மட்டுமே: தேசிய மக்கள் சக்தி 80,830; இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327; அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986; சுயேச்சைக் குழு 17 பெற்றது 27,855; ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513; ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. இவற்றைக் கூட்டினால் 240,241.

மீதி எங்கே? 325,312 இலிருந்து 240,241 ஐக் கழியுங்கள். 85,071 வருகிறது. முதலாவதாக வந்த கட்சியின் வாக்கைவிட இது கூடிய தொகை. முப்பத்தெட்டுச் சிறு பட்டியல்களுக்குள் சிதறி, ஓர் ஆசனமும் தராமல் போன வாக்குகள் இவை. வாக்களித்தவர்களின் மனச்சாட்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு குழு கேட்பதனால் என்ன நேரும் என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது.

இரண்டாவது படி, போனஸ் ஆசனம். முதலாவதாக வந்த கட்சிக்கு ஓர் ஆசனம் இலவசமாகக் கிடைக்கும். ஆகவே தேசிய மக்கள் சக்திக்கு 1. மீதி 5.

மூன்றாவது படிதான் மூடைக் கணக்கு. 240,241 ஐ மீதியுள்ள 5 ஆல் பிரித்தால் 48,048.2, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்துவார்கள், 48,049. இதை ஒரு மூடையின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எத்தனை நிறைந்த மூடை உண்டோ அத்தனை ஆசனம். தேசிய மக்கள் சக்தியிடம் ஒரு முழு மூடை, மிச்சம் 32,781. தமிழரசுக் கட்சியிடமும் ஒரு முழு மூடை, மிச்சம் 15,278. மற்ற நால்வரிடமும் ஒரு மூடையும் நிறையவில்லை.

ஐந்தில் இரண்டு கொடுத்தாயிற்று. மூன்று மிச்சம். இப்போது நிறையாத மூடைகளைக் களத்தில் வரிசையாக வைத்து, எது கூட நிரம்பியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 32,781, பின் 27,986, பின் 27,855. இந்த மூவருக்கும் ஆளுக்கொன்று. நாலாவதாக நின்ற 22,513 இக்கு இல்லை. தமிழரசுக் கட்சியின் மிச்சமான 15,278 உம் பின்னால் நின்றுவிட்டது.

முடிவு என்ன? 80,830 வாக்குக்கு மூன்று ஆசனங்கள். 63,327 வாக்குக்கு ஒன்று. 27,855 வாக்குக்கும் ஒன்று. இது அநியாயம் என்று சிலர் கொதிக்கிறார்கள். சட்டப்படி போட்ட கணக்கு இது. முன்னணியில் நிற்பவருக்குச் சாய்வாக அந்தக் கணக்கு அமைந்திருக்கிறது என்பதும் உண்மை. கடைசி ஆசனத்தைப் பெற்றவருக்கும் தவறவிட்டவருக்கும் இடையே 5,342 வாக்குகளே வித்தியாசம். "ஒரு புள்ளடியாலை என்ன வரப்போகுது" என்று கேட்டவர்களே, சில பெரிய கிராம அலுவலர் பிரிவுகள் சேர்ந்தால் இந்தத் தொகை வந்துவிடாதா?

கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது இவ்வாறு தீரும். அக்கட்சியின் ஒன்பது பேரில் யார் யார் போவது என்பதை உங்கள் விருப்பு வாக்கு தீர்க்கும். கூடிய விருப்பு வாக்கு எடுத்தவர் முதலில். ஒரே பட்டியலில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் இழுத்து விழுத்துவதற்குக் காரணமும் இதுவே. வெளியே இருக்கும் எதிரியைவிட உள்ளே இருக்கும் போட்டியாளரைக் கண்டே வேட்பாளர்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

பழுதாகும் சீட்டு

அதே தேர்தலில் யாழ்ப்பாணத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் நிராகரிக்கப்பட்டன. ஓர் ஆசனம் பெற 27,855 வாக்குகள் போதுமாயிருந்த இடத்தில் அதைவிடக் கூடிய சீட்டுகள் குப்பைக்குப் போயின. நாடு முழுவதிலும் நிராகரிக்கப்பட்டவை 667,240. வெறுப்பில் வேண்டுமென்றே பழுதாக்கியோரும் இருக்கலாம். ஆனால் குழப்பமே பெரிய காரணம் என்பது என் கருத்து, ஏனெனில் மூன்று தேர்தலுக்கு மூன்று விதமாகச் சீட்டில் அடையாளமிடச் சொல்கிறோம்.

சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத் தெரிவை எழுதலாம். 2024 செப்டெம்பரில் முதலாம் எண்ணிக்கையில் எவரும் பாதிக்கு மேல் எடுக்காததால், இரண்டாம் மூன்றாம் விருப்பங்களை எண்ணும் நிலை இந்நாட்டில் முதன்முறையாக வந்தது. உள்ளூராட்சித் தேர்தலிலோ கட்சிக்கு அல்லது குழுவுக்கு ஒரே ஒரு புள்ளடிதான். பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி. இது கட்டாயம். பின்னர் விரும்பினால், சீட்டின் அடியில் உள்ள எண்களில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மூன்றுக்கோ மேல் புள்ளடி. இந்த எண்கள் உங்கள் கட்சி வேட்பாளரின் இலக்கங்கள். அங்கே 1, 2, 3 என்று எழுதக்கூடாது. மூன்றுக்கு மேல் போட்டால் விருப்பு வாக்குகள் பழுது, ஆனால் கட்சி வாக்கு நிற்கும். கட்சிக்குப் போடாமல் எண்ணுக்கு மட்டும் போட்டால் முழுச் சீட்டும் பழுது. இரண்டு கட்சிக்குப் போட்டாலும் பழுது. உங்கள் பெயரை, கையெழுத்தை, கோபத்தை, எதையும் சீட்டில் எழுதாதீர்கள்.

வாக்காளர் அட்டை வீட்டுக்கு வராவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் ஆளடையாளம் இல்லாமல் முடியாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், முதியோர் அடையாள அட்டை, ஓய்வூதிய அடையாள அட்டை என்பன ஏற்கப்படும். இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்தவர்கள் கிராம அலுவலர் ஊடாகத் தற்காலிக அடையாள அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கண் பார்வை இல்லாதோரும் உடல் வலுவற்றோரும், உரிய சான்றிதழ் பெற்றிருந்தால், ஓர் உதவியாளரைக் கூட்டிச் செல்லச் சட்டம் இடமளிக்கிறது.

போகாமல் விட்டால்?

"ஒருவருக்கும் போடாமல் விட்டால் அவர்களுக்குப் பாடம் படிப்பித்ததாகும்" என்று இளைஞர் சிலர் வாதாடுகிறார்கள். எமது மண்ணுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. 1931 இல் ஆசியாவிலேயே முதன்முதலாக இலங்கையில் ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்தபோது, முழுச் சுயராச்சியம் கேட்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று வடக்கில் நான்கு தொகுதிகளில் எவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. தென்னிலங்கை பின்தொடரும் என்று எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை. அந்நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

இப்போதைய முறையில் ஆசனம் வெறுமையாகவும் கிடக்காது. 1994 இல் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. போர், அச்சம், தடைகள் என்று காரணங்கள் பல, மக்கள்மீது குற்றமில்லை. ஆயினும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்திருந்த அந்த மாவட்டத்தின் 10 ஆசனங்களில் 9 ஐ, பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள் பெற்ற ஓர் அணி எடுத்துக்கொண்டது. மேலே போட்ட மூடைக் கணக்கை மறுபடியும் பாருங்கள். வாக்களித்தவர்களை மட்டுமே அது எண்ணுகிறது. வராதவர்களுக்கு அங்கே இடமே இல்லை.

விரும்பியும் வாக்களிக்க முடியாமல் போனவர்களையும் நினைப்போம். 1947 இல் மலையகத் தோட்டங்களிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தமும் வந்தன. 1952 இல் அங்கிருந்து அவர்களில் ஒருவரும் இல்லை. அம்மக்களில் பலர் கலவரங்களுக்கு அஞ்சி வன்னியில் குடியேறி, இன்று இந்த இதழை வாசிக்கும் கமக்காரராக இருக்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வாக்குச் சீட்டின் அருமையைச் சொல்லிக்கொடுக்க நான் தேவையில்லை.

இரகசியமும் கைக்கூலியும்

"யாருக்குப் போட்டேன் என்று கண்டுபிடிப்பார்களா?" முகாம் வாழ்க்கை கற்றுக்கொடுத்த பயம் இது. உங்கள் இடாப்பு இலக்கம் சீட்டின் அடிக்கட்டையிலே குறிக்கப்படுகிறது. அந்த அடிக்கட்டை வேறாக முத்திரையிடப்பட்டுப் போகும். எண்ணும் மேசைக்கு வருவது பல நிலையங்களின் ஆயிரக்கணக்கான மடித்த சீட்டுகள் மட்டுமே. "எங்களுக்குத் தெரியவரும்" என்று யாராவது வெருட்டினால், அவர் பொய் சொல்கிறார் என்று துணிந்து நம்புங்கள். கைத்தொலைபேசியில் சீட்டைப் படம் எடுத்து வா என்று கேட்பவருக்கும் இடம் கொடாதீர்கள், அது தடைசெய்யப்பட்டது.

கூரைத்தகடு, அரிசிப் பொதி, நீர்ப்பம்பி கொடுத்து வாக்குக் கேட்பது இலஞ்சம். கொடுப்பவர் மட்டுமல்ல, அதற்காக வாங்குபவரும் குற்றவாளி. அரசாங்கம் எல்லோருக்கும் கொடுக்கும் நிவாரணம் வேறு. அதைத் தன் வீட்டுச் சொத்துப்போல ஒரு வேட்பாளர் கையால் கொடுத்தால் அவருக்கு நன்றிக்கடன் எதுவும் இல்லை.

என்னிடமும் சிலர் கேட்பதுண்டு: "பாதர், யாருக்கென்று பூசையிலை சொல்லிவிடுங்கோவன்." சொல்ல மாட்டேன். வழிபாட்டுக் கூட்டத்தில் வாக்குச் சேர்ப்பதைத் தேர்தல் சட்டம் தகாத செல்வாக்கு என்னும் குற்றமாகக் கொள்கிறது. அதற்கும் மேலாக, 1965 இல் வத்திக்கான் சங்கம் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற ஏடு, பொதுநன்மைக்காகச் சுதந்திரமாக வாக்களிப்பது குடிமக்களின் உரிமையும் கடமையும் என்கிறது. சுதந்திரமாக என்றால் குருவானவரின் சொல்லிலிருந்தும் சுதந்திரமாகத்தான்.

போனவர் என்ன செய்யலாம்?

தெரிவானவர் வாய்க்கால் வெட்டித் தருவார், மகனுக்கு வேலை எடுத்துத் தருவார் என்று எதிர்பார்த்து ஏமாறுவதே வழக்கமாகிவிட்டது. அவருடைய முதல் வேலை சட்டத்திலும் பணத்திலும் கண் வைத்திருப்பது. 2016 இல் நிறைவேறிய ஒரு சட்டத்தை உதாரணமாகச் சொல்லலாம். ஒருவர் காணியைப் பிறர் பத்து வருடம் தடையின்றி ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது வழக்கமான சட்டம். போரினால் தம் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தப் போர்க்காலத்தைக் கணக்கிடக்கூடாது என்று விசேட ஏற்பாடு செய்தது அந்தச் சட்டம். ஆனால் வழக்குத் தொடரக் கொடுத்த கால அவகாசம் குறுகியது. எத்தனை குடும்பங்களுக்கு அது காலத்தில் தெரியவந்தது? தெரியப்படுத்துவது உறுப்பினரின் வேலையல்லவா?

2025 மார்ச் 28 ஆம் திகதி வடமாகாணத்தில் 5,940 ஏக்கர் வரையான காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும், இல்லையேல் அது அரச காணியாகும் என்ற வர்த்தமானி அறிவித்தல் வந்தது. உறுதிகளை இடப்பெயர்விலும் கடல்கோளிலும் இழந்தவர்கள், இந்தியாவில் அகதியாக இருப்பவர்கள் மூன்று மாதத்தில் எங்கே போவது? வடக்கின் உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இதை எழுப்பினார்கள். வெளியே மக்கள் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றத்துக்கும் வழக்குப் போனது. பின்னர் அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. சபையில் எழுந்து கேட்க ஆள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதற்கு மாறாக 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதித் தடை வந்ததை நினைத்துப் பாருங்கள். வயலில் நின்றவர்களைக் கேளாமல் வந்த முடிவு அது. அந்த ஆண்டு நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோக விதைப்புத் தொடங்கிவிட்டது. அப்போது உங்கள் மாவட்டத்து உறுப்பினர்கள் சபையில் என்ன பேசினார்கள் என்று கேட்டறிந்தீர்களா? பாராளுமன்ற உரைகள் 'ஹன்சாட்' என்ற அறிக்கையில் சொல்லுக்குச் சொல் அச்சாகின்றன. கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளை அதை எடுத்துத் தரும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

எங்கள் நிலையத்தில் அல்லது கிராமத்தில் 18 வயது கடந்தோர் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பெயர் இடாப்பில் இருக்கிறது, எந்த ஊரின் இடாப்பில்? விடுபட்ட பெயர்களை எழுதிக்கொண்டு விதானையாரிடம் போவது யார், எந்த நாளில்? மேலே போட்ட மூடைக் கணக்கை வன்னி மாவட்டத்தின் 2024 முடிவை எடுத்து ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டுவாரா? அங்கும் ஆசனம் ஆறுதான். கணக்குச் சரிவராவிட்டால், வெட்டுப்புள்ளிக்குக் கீழே போனவர்களின் வாக்குகளைக் கழிக்க மறந்தீர்களா என்று முதலில் பாருங்கள்.